மேடையில் பிறந்த சிரிப்பும் வெண்திரையும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் கோவிந்தாபுரம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அங்கே ஒரு சோதனைச் சாவடி உண்டு. முதலமடையிலிருந்து மாம்பழம் ஏற்றிவரும் லாரிகளும், தமிழகத்திலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் லாரிகளும் அங்கே சற்று நின்றுதான் போக வேண்டும். எங்கள் குடும்பம் எல்லைக்கு இப்பால், கேரளப் பக்கத்தில் வாழ்வது. வீட்டில் பேசுவது தமிழ். என் பேரன் பள்ளியில் படிப்பது மலையாளம். இந்தப் பேரனுக்குச் சென்ற ஆண்டு விடுமுறையில் ‘சபாபதி’ என்ற பழைய தமிழ்ப் படத்தைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். அன்று நடந்த ஒரு சிறு நிகழ்ச்சிதான் இன்று உங்களிடம் இவ்வுரையை நிகழ்த்தக் காரணம்.

படத்தில் சபாபதி முதலியார் என்று ஒரு செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. அவருக்கு ஒரு வேலைக்காரன். அவன் பெயரும் சபாபதி. எஜமானருக்கு அறிவு சற்றுக் குறைவு. வேலைக்காரனுக்கு அதுவும் இல்லை. சோடாவை உடைத்துக் கொண்டுவரும்படி எஜமானர் கட்டளையிடுகிறார். வேலைக்காரன் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டு புட்டியையே உடைத்துவிடுகிறான். என் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். “மலையாளத்திலும் சோடாவைப் ‘பொட்டிச்சு’ என்றுதானே சொல்லுவோம், தாத்தா!” என்றான். கோலி சோடாவின் கழுத்தில் அடைத்திருக்கும் குண்டைக் கட்டைவிரலால் அமுக்கித் திறப்பதற்குத் தமிழில் ‘உடைத்தல்’. மலையாளத்திலும் அதே பொருள் தரும் சொல். ஆகவே அந்த ஹாஸ்யம் கோவிந்தாபுரம் சாவடியில் நிற்காமலே எல்லையைக் கடந்துவிட்டது.

ஆனால் நாகபுரியில் வாழும் என் தங்கையின் பேரனுக்கு அதே காட்சியைக் காட்டியபோது அவன் சிரிக்கவில்லை. “அவன் ஏன் புட்டியை உடைத்தான்? அவனுக்குக் கோபமா?” என்று கேட்டான். இந்தியில் சோடாவைத் ‘திற’ என்றுதான் சொல்லுவார்கள். அவன் தாயார் இந்தியிலே அரைநாழிகை விளக்கம் சொன்னாள். விளக்கம் சொல்லப்பட்ட ஹாஸ்யத்தின் கதியை நீங்கள் அறிவீர்கள்.

அப்பொழுது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஒரு மொழியின் சொல்லில், ஒரு மேடையின் வழக்கத்தில், ஒரு சமூகத்தின் இல்லற முறையில் ஊறிய நகைச்சுவையை வேறோர் இடத்துக்கு எடுத்துச் செல்லும்போது எது உயிருடன் போய்ச் சேருகிறது? எது வழியில் மடிகிறது? பிற மாநிலங்களில் குழந்தைகளை வளர்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது வெறும் இலக்கியக் கேள்வி அன்று. பேசும்படம் புதிதாக வந்த நாட்களில் நம் படமுதலாளிகளும் இதே கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தது. அவர்கள் செய்தது என்ன என்பதைப் பார்ப்போம்.

‘சபாபதி’யின் மூல ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார். 1873ஆம் ஆண்டு பிறந்தவர், வழக்கறிஞர், பின்பு சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் இருந்தவர். 1891ஆம் ஆண்டு சென்னையில் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்த கனவான்கள் நாடகமாடுவது கௌரவக் குறைவு என்று எண்ணப்பட்ட காலம் அது. தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார்; வெனிஸ் நகரத்து வணிகனை ‘வாணீபுர வணிகன்’ ஆக்கினார்; பிரெஞ்சு நாட்டு மோலியேரின் ஒரு பிரகசனத்தைக் ‘காளப்பன் கள்ளத்தன’மாகத் தமிழுக்குக் கொணர்ந்தார். மோலியேர் என்ற பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். சிறிது நேரத்தில் அவர் மறுபடியும் வருவார்.

‘சபாபதி’ நாடகம் ஒரு பெருங்கதையைச் சுற்றி வளர்ந்தது அன்று. இரண்டு அசடர்களின் குணத்தைச் சுற்றி வளர்ந்தது. அதனாலேயே ஆசிரியர் அதைப் பாகம் பாகமாக மேலும் எழுதிக்கொண்டு போக முடிந்தது. மேடைக்கு இது போதும். நடிகன் ஒரு வேடிக்கை செய்கிறான், சபை சிரிக்கிறது, சிரிப்பு அடங்கும்வரை நடிகன் காத்திருக்கிறான், பிறகு அடுத்த வேடிக்கை. சிரிப்புக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை அன்றன்று சபையே அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். படமோ ஒரு முறை எடுக்கப்பட்டால் எடுக்கப்பட்டதுதான். திருநெல்வேலியிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் அதே வேகத்தில்தான் ஓடும். இடம் போதாவிட்டால் அடுத்த வசனம் சிரிப்பிலே மூழ்கிவிடும். இடம் அதிகமானால், காலிக் கொட்டகையில் நடிகன் அசட்டுத்தனமாக விழித்துக்கொண்டு நிற்பான்.

ஆரம்பகாலப் பேசும்படத்துக்கு இன்னும் சில தொல்லைகள் உண்டு. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளிவந்தது. அதன் பின்னர்ச் சில ஆண்டுகள் வரை பேச்சையும் பாட்டையும் படப்பிடிப்பின்போதே பதிவு செய்ய வேண்டும். ஒலிவாங்கியை எங்கே தொங்கவிட்டார்களோ அதன் கீழேதான் நடிகர் பேச வேண்டும். ஓடிக்கொண்டே பேச இயலாது. ஓட்டமும் துரத்தலும் கதவுக்குப் பின்னால் ஒளிதலும் பிரகசனத்தின் உயிர். அது ஒரு கம்பத்தில் கட்டிய கன்றுபோல் ஆயிற்று. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று மேடையில் உரக்கப் பேசிப் பழகிய தொண்டைகள் வேறு. அவற்றைத் தாழ்த்தச் சொல்லிக் கொடுப்பதே ஒரு பெரும் வேலை. இத்தனைக்கும் நடுவில் நம்மவர்கள் புராணப் படங்களையே பெரிதும் எடுத்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை. நாரதர் நின்றுகொண்டு பாடினால் குற்றமில்லை அல்லவா?

1938ஆம் ஆண்டு ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிப் பாட்டு முறை தமிழில் புகுந்தது. கருவிகளும் கைப்பழக்கமும் வளர்ந்தன. அதே மெய்யப்பச் செட்டியார் 1941ஆம் ஆண்டு ‘சபாபதி’யைப் படமாக எடுக்கத் துணிந்தார். ஏ. டி. கிருஷ்ணசாமியும் அவரும் சேர்ந்து டைரக்ட் செய்தார்கள். டி. ஆர். ராமச்சந்திரன் எஜமானர் சபாபதி, காளி என். ரத்தினம் வேலைக்காரச் சபாபதி. ராமச்சந்திரனுக்குப் பெரிய கண்கள். மேடையில் பத்தாவது வரிசைக்கு அப்பால் அவை பயன்படா. திரையிலோ அவற்றை மட்டும் காட்டினாலே பாதி வசனம் மிச்சம். ரத்தினம் பாய்ஸ் கம்பெனியில் வாத்தியாராக இருந்து பல பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தவர். கோவலன் நாடகத்தில் காளி வேடம் போட்டுப் பெயர் வாங்கியதால் ‘காளி’ ரத்தினம் ஆனார். காளியாக நின்று கர்ஜித்த மனிதர் இங்கே ஒன்றுமறியாத முகத்தோடு நிற்கிறார். அந்த முகத்துக்காகவே நான் இப்படத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்துக்கு வேடிக்கைகளின் கோவை மட்டும் போதாது. ஒரு முதுகெலும்பு வேண்டும். படமெடுத்தவர்கள் கண்ட முதுகெலும்பு விவாகம். பரீட்சையில் தேறாத பிள்ளைக்குப் படித்த பெண்ணாகிய சிவகாமியை மணம் முடிக்கிறார்கள். அவள் அழுதுகொண்டு பிறந்தகம் போகவில்லை. கணவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தேறச் செய்கிறாள். இப்பாத்திரத்தில் நடித்தவர் ஆர். பத்மா. கீழ்த்தளத்திலே வேலைக்காரச் சபாபதிக்கும் ஒரு கல்யாணம். மணமகள் சி. டி. ராஜகாந்தம். மேலே ஒரு மனைவி கணவனுக்குக் கற்பிக்கிறாள். கீழே ஒரு மனைவி கணவனைக் கண்டிக்கிறாள். இரண்டு வீடுகளிலும் ஆட்சி யாருடையது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மேடையிலே இதை இவ்வாறு காட்டியிருக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன். சுகுண விலாச சபையில் பெண் வேடம் தரித்தவர்கள் ஆண்கள். சம்பந்த முதலியாருக்கு இணையாகக் கதாநாயகி வேடம் பூண்டு புகழ்பெற்ற ரங்கவடிவேலு முதலியார் ஒரு வழக்கறிஞர். புடவை கட்டிய வழக்கறிஞர் கணவனைத் திட்டும்போது சபையினர் இரட்டைச் சிரிப்புச் சிரிப்பார்கள்: ஒன்று பாத்திரத்துக்கு, மற்றொன்று தங்கள் நண்பருக்கு. அந்த இரண்டாவது சிரிப்புக்குத் திரையில் இடமில்லை. ராஜகாந்தம் அதட்டினால் அது ஒரு பெண்ணின் அதட்டல்தான். வேடிக்கை குறைந்ததோ என்றால், இல்லை; அது வேறு வேடிக்கையாயிற்று. கொட்டகையில் பெண்கள் பக்கத்திலிருந்தும் சிரிப்பு எழத் தக்கதாக அது மாறியது என்பது என் அபிப்பிராயம்.

‘சபாபதி’ வெளிவந்தது 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அதே மாதத்தில்தான் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியது. சில மாதங்களில் சென்னை மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறினார்கள். அத்தகைய காலத்தில் ஜனங்கள் இரண்டு அசடர்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, ஹாஸ்யம் சாவகாசக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு உண்டாவதில்லை.

அடுத்த ஆண்டு, 1942இல், மெய்யப்பச் செட்டியார் இன்னொரு மேடை நகைச்சுவையைப் படமாக்கினார். பெயர் ‘என் மனைவி’. டைரக்டர் சுந்தர்ராவ் நட்கர்ணி. பம்பாய்ப் படவுலகில் தொழில் பயின்றவர். பின்பு ‘ஹரிதாஸ்’ படத்தை எடுத்தவரும் இவரே. ‘சபாபதி’யில் தமிழ் வாத்தியாராக வந்து படாத பாடு பட்ட கே. சாரங்கபாணி இதில் முக்கிய வேடம் தாங்கினார். பாடகர் நாகர்கோவில் கே. மகாதேவனும் ஆர். பத்மாவும் உடன் நடித்தார்கள். இந்தப் படத்தின் வம்சாவளியைச் சொல்லத் தொடங்கினால் பாரிஸ் நகரம் வரை போக வேண்டும்.

1660ஆம் ஆண்டு பாரிஸில் மோலியேர் ஒரு சிறு பிரகசனம் எழுதித் தாமே அதில் ஸ்கனரெல் என்னும் கணவனாக நடித்தார். ஒரே அங்கம்தான். ஓர் இளம்பெண் தன் காதலனுடைய சிறு சித்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மயங்கி விழுகிறாள். ஸ்கனரெல் அவளைத் தாங்கிப் பிடிக்கிறான். அதை அவன் மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துச் சந்தேகிக்கிறாள். கீழே விழுந்த சித்திரத்தை அவள் எடுத்துப் பார்க்க, அதைக் கணவன் கண்டு அவளைச் சந்தேகிக்கிறான். குற்றம் செய்தவர் ஒருவருமில்லை, சந்தேகிக்காதவரும் ஒருவருமில்லை. இந்த நாடகத்தைச் சில முறை பார்த்துவிட்டு மனப்பாடமாக ஒப்பித்து, ஆசிரியர் அனுமதியின்றி அச்சிட்டு விற்ற ஒரு ரசிகரும் அக்காலத்தில் இருந்தார். அனுமதியின்றித் தம் நாடகங்களை ஆடிய கம்பெனிகளோடு சம்பந்த முதலியாருக்கும் இப்படிப்பட்ட வழக்கு உண்டு. ரசிகர்கள் எந்நாட்டிலும் ஒரே ஜாதிதான்.

நூறு ஆண்டுகள் கழித்து, 1761இல், அயர்லாந்தில் பிறந்த ஆர்தர் மர்ஃபி என்பவர் இக்கதையை லண்டன் மேடைக்காக ஐந்து அங்கங்களாக விரித்தார். இவரும் நம் சம்பந்த முதலியாரைப் போல வழக்கறிஞர். மோலியேரின் நாடகத்தில் அந்த மனைவிக்குப் பெயரே கிடையாது. ‘ஸ்கனரெலின் மனைவி’, அவ்வளவே. மர்ஃபி அவளுக்குப் பெயரும் அந்தஸ்தும் தந்து, சந்தேகத்திலும் கணவனுக்குச் சரியான ஜோடியாக உயர்த்தினார். ஓரங்கம் ஐந்தங்கமானது சந்தேகத்தின் இயல்புக்கு ஒத்ததுதான். அது எங்கே சிறிதாகவே இருந்திருக்கிறது?

அங்கிருந்து கதை மகாராஷ்டிரத்துக்கு வந்தது. கோவிந்த பல்லாள் தேவல் என்னும் மராத்தி நாடகாசிரியர் முதலில் இதை உரைநடை நாடகமாக எழுதினார். பின்னர்ப் பாட்டுகள் சேர்த்துச் ‘சங்கீத சம்சய கல்லோள்’ ஆக்கினார். கிழவருக்குச் சிறுமியை மணம் முடிக்கும் கொடுமையைக் கண்டித்து ‘சாரதா’ நாடகம் எழுதியவரும் இவரே. இல்லறத்தின் அழுகையையும் சிரிப்பையும் ஒருங்கே அறிந்த பேனா அது. பாத்திரங்களுக்கு அவர் பெயரிட்ட விதம் அழகானது: பால்குனராவ், அசுவின் சேட், கிருத்திகா, ரேவதி. எல்லாம் மாதங்களும் நட்சத்திரங்களும்! சிறு சித்திரம் இங்கே புகைப்படமாயிற்று. காதலி ரேவதி கணிகையர் குலத்தில் பிறந்தவள். ஆகவே அவள்மீது எழும் சந்தேகத்துக்கு மோலியேரின் நாடகத்தில் இல்லாத ஒரு வலியும் சேர்ந்தது. அவர் மறைந்த 1916ஆம் ஆண்டிலேயே கந்தர்வ நாடக மண்டலி அதை மேடையேற்றியது. ரேவதியாக நடித்தவர் பால கந்தர்வர், ஓர் ஆண்மகன். புனாவிலும் பம்பாயிலும் வாழும் நேயர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. இந்நாடகம் அங்கே நூறாண்டு கடந்தும் மேடையேறி வருகிறது. இன்னும் பார்க்காதவர்கள், அடுத்த முறை விளம்பரம் கண்டால், மராத்தி அரைகுறையாகத் தெரிந்தாலும் போய்ப் பாருங்கள்.

இதனைத் தமிழில் படமாக்குவதில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. மனைவியின் கற்பைக் கணவன் ஐயுறுவது நம் நாட்டில் சிரிப்புக்குரிய பொருளா? சீதை தீயில் இறங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவும் கீழே விழுந்த ஒரு கைக்குட்டையால் விளைந்த நாசந்தான். கைக்குட்டை கீழே விழுந்தால் சோகநாடகம். சித்திரம் கீழே விழுந்தால் நகைச்சுவை. இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரு முழம்கூட இல்லை. எது அதைச் சிரிப்பின் பக்கம் நிறுத்துகிறது? என் எண்ணத்தில், இருவரும் சந்தேகிப்பதே. கணவன் மட்டும் சந்தேகித்தால் மனைவிக்காக நமக்கு நெஞ்சம் பதைக்கும். மனைவியும் சந்தேகித்தால் தராசு சமமாகிறது. கையிலே அதிகாரமில்லாத ஒருத்தியைச் சந்தேகிப்பது கொடுமை. வாதாடவும், வேவு பார்க்கவும், எதிர்க்குற்றம் சாட்டவும் வல்ல ஒருத்தியைச் சந்தேகிப்பதுதான் ஹாஸ்யம். ஆகவே இந்தக் கதை தமிழ்த் திரையில் ஏற வேண்டுமானால், மனைவி வாயில்லாப் பூச்சியாக இருத்தல் கூடாது. ‘என் மனைவி’ என்று தலைப்பு மட்டும் கணவன் வாயிலிருந்து வருகிறது. அந்த ‘என்’ என்ற சொல்லில் உடைமையும் பெருமிதமும் உளைச்சலும் மூன்றும் இருக்கின்றன.

திரை இக்கதைக்கு ஓர் உதவி செய்யவல்லது. மேடையில் நடிகை கையில் வைத்திருக்கும் சிறு படத்தைப் பின்வரிசையில் இருப்பவர் பார்க்க முடியாது. ‘இதோ என் நாதனின் உருவம்’ என்கிற மாதிரி அவள் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். படப்பெட்டியோ அந்தப் புகைப்படத்தைத் திரை நிறையக் காட்டிவிடும். பிறகு அதைப் பார்க்கும் கணவனின் கண்களைக் காட்டும். ஒரு வார்த்தை பேசாமல் சந்தேகம் பிறந்துவிடும். பேசும்படம் வந்த பிறகு பேசாமலிருக்கக் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன.

ஆனால் ஒன்று கைவிட்டுப் போயிற்று. மேடையில் கணவன் ஒரு மூலையிலும் மனைவி ஒரு மூலையிலும் ஒளிந்திருப்பதை நாம் ஒரே பார்வையில் காண்கிறோம். அவர்கள் ஒருவரையொருவர் காண்பதில்லை. யாரைப் பார்ப்பது என்பது நம் இஷ்டம். திரையில் அந்த இஷ்டம் டைரக்டருடையது. பாட்டுகளைப் பற்றிய சங்கடமும் உண்டு. மராத்தி மேடையில் ஒரு பதத்தை மூன்று முறை திரும்பப் பாடச் சொல்லிச் சபை கேட்கும். அதுவரை பொறாமைக்காரக் கணவன் பொறுமையாக நின்றுகொண்டிருப்பான். தமிழ்ப் படமும் பாட்டை விட முடியாது, அக்காலத்தில் பாட்டில்லாப் படத்துக்கு யார் வருவார்கள்? இருந்தாலும் திரையில் கோபம் ஆறிப்போகும் அளவுக்குப் பாட்டு நீளலாகாது.

இவ்வழி அத்துடன் நின்றுவிடவில்லை. ‘சபாபதி’யில் பங்கு கொண்ட ஏ. டி. கிருஷ்ணசாமியே 1963ஆம் ஆண்டு, அடங்காத பெண் ஒருத்தியை மணந்த கணவனைப் பற்றிய ஷேக்ஸ்பியரின் நகைச்சுவையை ‘அறிவாளி’ என்ற பெயரில் சிவாஜி கணேசனையும் பானுமதியையும் கொண்டு படமாக்கினார். ‘சபாபதி’யில் மனைவி கணவனைத் திருத்துகிறாள், ‘அறிவாளி’யில் கணவன் மனைவியைத் திருத்தப் புறப்படுகிறான். இரண்டில் எனக்குப் பிடித்தது முன்னதே. காரணம் கேட்டால், என் வீட்டில் இருப்பவர்களும் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாகபுரிப் பிள்ளையின் செய்தி ஒன்று பாக்கி இருக்கிறது. கோடை விடுமுறைக்கு அவன் கோவிந்தாபுரம் வந்திருந்தான். வெயில் வேளையில் என் பேரன் அவனைச் சாலையோரத்துக் கடைக்கு அழைத்துச் சென்றான். கடைக்காரர் “ரெண்டு சோடா உடைக்கட்டுமா?” என்று கேட்டாராம். இவன் சட்டென்று ஓரடி பின்வாங்கி நின்றானாம். கட்டைவிரல் அமுங்கிக் குண்டு உள்ளே விழுந்து காற்றுச் சீறியதைப் பார்த்த பிறகு இருவரும் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். “தாத்தா, அந்தப் படத்தை மறுபடி போடுங்கள்” என்றான். போட்டேன். புட்டி உடையும் இடம் வருவதற்கு முன்பே அவன் சிரிக்கத் தொடங்கிவிட்டான்.